நடந்து மீண்ட மனிதர்



ஆகஸ்ட் மாதத்தின் கடைசி வாரம் வந்துவிட்டால் நமது வடக்குத்துச் சாலையின் தோற்றமே மாறிவிடுகிறது. காவி உடை அணிந்து, கழுத்தில் செபமாலை தொங்க, சிறு சப்பரத்தில் அன்னையின் சுரூபத்தை வைத்து இழுத்தபடி மக்கள் குழுக்குழுவாக வேளாங்கண்ணி நோக்கி நடக்கிறார்கள். நமது பகுதியிலிருந்தும் ஆண்டுதோறும் ஒரு குழு புறப்படுகிறது. வடலூர், சிதம்பரம், சீர்காழி, நாகப்பட்டினம் என்று நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான நடை அது.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தக் குழுவில் நம் பங்கைச் சேர்ந்த சகோதரர் ஒருவரும் சேர்ந்துகொண்டார். சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மாத்திரையை நினைத்தால் போடுவார், மறந்தால் விட்டுவிடுவார். இரவு ஷிப்ட் முடிந்தால் குடியும் உண்டு. தெருமுனைக் கடைக்குக்கூட வண்டியில்தான் போவார். அவருக்குத் திடீரென்று ஒரு வைராக்கியம் வந்தது. செருப்பில்லாமல் வேளாங்கண்ணிக்கு நடந்து போய் வந்துவிட்டால் உடம்பும் வாழ்வும் சரியாகிவிடும் என்று நம்பினார். இரண்டாம் நாளே பாதத்தில் கொப்புளம் எழும்பியது. சர்க்கரையால் மரத்துப் போயிருந்த கால் வலியைச் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது புண் ஆழமாகிவிட்டது. கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

அவர் புறப்பட்ட அதிகாலையில் அவர் தலைமீது கைவைத்து ஆசீர் கொடுத்து அனுப்பியவர் நாமே. அவருடைய கால்களைப் பற்றி அன்று நாம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றும் அது நம் மனதை உறுத்துகிறது.

கெட்டுப்போன உடல்நலத்தை ஒரு பெரிய சாதனையால் மீட்டுவிட முடியுமா? இந்தக் கேள்வியோடு நாம் ஒரு மனிதரின் வாழ்வைத் திரும்பவும் வாசித்தோம். அவர் நம் எல்லாருக்கும் தெரிந்தவர். அவருடைய உண்ணாநோன்புகளும் நடைப்பயணங்களும் பள்ளிப் பாடத்திலேயே இருக்கின்றன. ஆனால் அவற்றுக்குப் பின்னால் இருந்த நோயும், தோல்வியும், சிறிய அன்றாட ஒழுங்குகளும் நமக்கு அவ்வளவாகத் தெரியாது. அவர்தான் மகாத்மா காந்தி.

பயந்த சிறுவன்

மோகன்தாஸ் 1869 அக்டோபர் 2-ஆம் நாள் குஜராத்தின் போர்பந்தரில் பிறந்தார். பிள்ளைப் பருவத்தில் அவரிடம் வீரத்தின் சாயல் எதுவும் இல்லை. இருட்டு என்றால் பயம். திருடன், பேய், பாம்பு என்றால் பயம். ராஜ்கோட் பள்ளியில் உடற்பயிற்சியையும் கிரிக்கெட்டையும் கட்டாயமாக்கியபோது அவருக்கு அது பெரும் சுமையாக இருந்தது. பள்ளி மணி அடித்ததும் யாரிடமும் பேசாமல் வீட்டுக்கு ஓடிவிடும் பிள்ளை அவர்.

இளமையில் தவறான வழிகளும் உண்டு. உறவினன் ஒருவனோடு சேர்ந்து, பெரியவர்கள் புகைத்து எறிந்த சிகரெட் துண்டுகளைப் பொறுக்கிப் புகைத்தார். அதற்காக வேலைக்காரர் வைத்திருந்த சில்லறைக் காசையும் திருடினார். இறைச்சி உண்டால்தான் ஆங்கிலேயரை வெல்லும் பலம் வரும் என்று ஒரு நண்பன் சொன்னதை நம்பி, சைவக் குடும்பத்துப் பிள்ளையாகிய அவர் பெற்றோருக்குத் தெரியாமல் சிலமுறை உண்டார். பலத்தைக் குறுக்கு வழியில் தேடிய காலம் அது. நம் இளைஞர்களில் சிலர் இன்று ஜிம்மில் விற்கும் பொடியையும் ஊசியையும் நம்புவது போலத்தான்.

அந்தப் பருவத்தில் அவர் செய்த ஒரே நல்ல காரியம் நடப்பது. திறந்த வெளியில் நீண்ட நேரம் நடப்பது உடலுக்கு நல்லது என்று ஏதோ ஒரு புத்தகத்தில் படித்திருந்தார். விளையாட்டு பிடிக்காத அந்தப் பையனுக்கு நடை பிடித்துப் போனது. 1888-இல் சட்டம் படிக்க லண்டன் போனபோது அந்தப் பழக்கம் கைகொடுத்தது. வண்டிச் செலவை மிச்சப்படுத்த அங்கே தினமும் எட்டு முதல் பத்து மைல் வரை நடந்தார். குளிர் மிகுந்த அந்த ஊரில் பெரும்பாலும் நோயின்றி இருந்ததற்கு அந்த நடைதான் காரணம் என்று அவரே பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார்.

தலைவலியோடு ஒரு வழக்கறிஞர்

1893-இல் காந்தி தென்னாப்பிரிக்கா சென்றார். பத்து ஆண்டுகள் கழித்து ஜோகன்னஸ்பர்க் நகரில் அவர் நல்ல வருமானமுள்ள வழக்கறிஞர். வேலைப் பளு, கூட்டங்கள், பத்திரிகை என்று ஓயாத ஓட்டம். வயது முப்பதுகளில்தான். ஆனால் மலச்சிக்கல் விடாமல் தொல்லை கொடுத்தது. அடிக்கடி தலைவலி. பேதி மருந்து எடுத்துக்கொண்டு நாள்களை ஓட்டினார்.

அப்போது இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் காலை உணவைக் கைவிட்டவர்கள் ஒரு சங்கம் அமைத்திருக்கிறார்கள் என்ற செய்தியைப் படித்தார். தாம் அளவுக்கு மிஞ்சி உண்கிறோமோ என்ற ஐயம் அவருக்கு வந்தது. மூன்று வேளை வயிறாரச் சாப்பிட்டு, மாலையில் தேநீரும் குடிப்பவராக இருந்தார் அவர். காலை உணவை நிறுத்திப் பார்த்தார். சில நாள் கடினமாக இருந்தது. பிறகு தலைவலி போய்விட்டது. நோய்க்குக் காரணம் தம் தட்டில்தான் இருந்தது என்பதை அவர் புரிந்துகொண்டார்.

இங்கே நாம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது காந்தியின் உடலுக்குப் பொருந்தியது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளை உணவை விடுவது ஆபத்தானது. அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தத் துணிவான சுயபரிசோதனையைத்தான்.

சோம்பலாக இருக்க முடியாத கடமைகளும் அவரைத் தேடி வந்தன. 1899-இல் போயர் யுத்தம் மூண்டபோது காயமடைந்தவர்களைச் சுமக்க 1,100 இந்தியர்களைக் கொண்ட ஒரு தொண்டர் படையை அவர் திரட்டியிருந்தார். படுக்கையில் கிடத்திய காயக்காரர்களைத் தோளில் சுமந்து ஒரு நாளில் இருபது, இருபத்தைந்து மைல் நடக்க வேண்டிய நாள்களும் இருந்தன. 1906-இல் ஜூலு மக்களுக்கு எதிரான படையெடுப்பின்போது ஒரு சிறு குழுவோடு மீண்டும் சென்றார். வெள்ளையர் கைவிட்ட ஜூலு மக்களின் காயங்களைக் கழுவிக் கட்டியதே அவர்கள் செய்த முக்கியமான வேலை. அந்த நெடும் நடைகளின்போதுதான் தம் எஞ்சிய வாழ்வை முழுமையாகப் பிறர் பணிக்குக் கொடுத்து, துறவு ஒழுக்கத்தில் வாழ்வது என்று அவர் தீர்மானித்தார்.

டால்ஸ்டாய் பண்ணையில்

1910-இல் அவருடைய நண்பர் ஹெர்மன் காலன்பாக் 1,100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாகிரகிகளின் குடும்பங்களுக்காகக் கொடுத்தார். ஜோகன்னஸ்பர்க் நகரிலிருந்து 21 மைல் தூரத்தில் இருந்த அந்த இடத்துக்கு டால்ஸ்டாய் பண்ணை என்று பெயர் வைத்தார்கள். அங்கே வாழ்ந்தவர்களில் தமிழர்கள் கணிசமானவர்கள். இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள், கிறிஸ்தவர்கள் எல்லாரும் ஒரே அடுப்பில் சமைத்து உண்டார்கள்.

அந்தப் பண்ணையில் ஒரு விதி இருந்தது. பொது வேலையாக நகருக்குப் போகிறவர் ரயிலில் போகலாம். சொந்த வேலையாகவோ வேடிக்கை பார்க்கவோ போகிறவர் நடந்துதான் போக வேண்டும். வழியில் காசு செலவழிக்காமல் கட்டுச்சோறும் எடுத்துப் போக வேண்டும். அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து புறப்பட்டு, ஆறேழு மணி நேரத்தில் நகரை அடைவார்கள். காந்தியும் அப்படித்தான் நடந்தார். சிறுவர்களும் நடந்தார்கள். வேலை செய்யப் பழகாதவர்களும், உடல் நலிந்தவர்களும் பண்ணையின் உழைப்பிலும் நடையிலும் தேறினார்கள்.

1913 நவம்பரில் அந்தப் பயிற்சியின் பலன் தெரிந்தது. ஒப்பந்தக் கூலிகளாக இருந்த இந்தியர்கள் மீது விதிக்கப்பட்ட மூன்று பவுண்டு வரியை எதிர்த்து, 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்து நடந்தார்கள். ரொட்டியும் சிறிது சர்க்கரையும்தான் உணவு. அவர்களில் பெரும் பகுதியினர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். பழுப்பு நிலக்கரியை நம்பி வாழும் நெய்வேலி மக்களாகிய நாம் இதை நினைவில் வைக்க வேண்டாமா?

அளவு மீறியபோது

இதுவரை படித்தவர்களுக்கு, மனம் வைத்தால் உடல் எதையும் தாங்கும் என்று தோன்றலாம். காந்திக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த எண்ணம் அவரை மரணத்தின் வாசல்வரை கொண்டுபோய் விட்டது.

1914-இல் பீனிக்ஸ் ஆசிரமத்தில் நிகழ்ந்த ஒரு தவறுக்காகப் பரிகாரமாக 14 நாள் உண்ணாநோன்பு இருந்தார். குமட்டுகிறது என்று போதுமான தண்ணீர் குடிக்கவில்லை. தொண்டை வறண்டு, குரல் தாழ்ந்து, மிகவும் பலவீனமானார். அதே ஆண்டில் லண்டன் சென்றபோது நுரையீரல் உறையில் அழற்சி கண்டு படுத்தார். பால் குடிக்கும்படி கோகலே வற்புறுத்தியும் அவர் இசையவில்லை. கறவை மாடுகளுக்கு இழைக்கப்படும் கொடுமையை அறிந்து பாலைத் துறந்திருந்தார்.

1918-இல் நிலைமை முற்றியது. குஜராத்தின் கேடா மாவட்டத்தில் போருக்கு ஆள் சேர்க்கும் பணி. மக்கள் மாட்டுவண்டி தர மறுத்தார்கள். நாளொன்றுக்கு இருபது மைல் அளவுக்கு நடக்க வேண்டியிருந்தது. உணவு, பெரும்பாலும் நிலக்கடலை வெண்ணெயும் எலுமிச்சையும்தான். வயிறு கெட்டு, சீதபேதி தொடங்கியது. ஒரு பண்டிகை நாளில் மனைவி கஸ்தூரிபா செய்து வைத்திருந்த இனிப்புக் கஞ்சியை ஆசை தீரச் சாப்பிட்டுவிட்டார். நோய் கொடிய உருவம் எடுத்தது. மருந்து வேண்டாம், ஊசி வேண்டாம் என்று மறுத்தார். ஒரு கட்டத்தில் தாம் பிழைக்கப் போவதில்லை என்றே நினைத்தார்.

பம்பாய் மருத்துவர் தலால், பால் குடிக்காவிட்டால் உடம்பைத் தேற்ற முடியாது என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். பக்கத்தில் இருந்த கஸ்தூரிபாதான் வழி காட்டினார். துறந்தது பசும்பாலும் எருமைப்பாலும்தானே, ஆட்டுப்பால் குடிப்பதில் என்ன தடை என்று கேட்டார். காந்தி பணிந்தார். பிழைத்தார். விரதத்தின் சொல்லைக் காப்பாற்றி, அதன் உயிரை விட்டுக்கொடுத்தோம் என்ற வருத்தம் மட்டும் அவருக்கு இறுதிவரை இருந்தது. ஆனாலும் அந்த ஆட்டுப்பால் இல்லையென்றால் தண்டி யாத்திரை இல்லை.

இருபது மைல் நடந்ததைவிட, மனைவியின் சொல்லைக் கேட்டு ஒரு குவளைப் பாலைக் கையில் வாங்கியதே அவருக்குக் கடினமான செயலாக இருந்திருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. நம் வீடுகளிலும் கணவனின் காலைப் பார்த்துக் கவலைப்படும் மனைவியின் சொல் எத்தனை முறை காற்றில் போகிறது!

இதற்குப் பிறகு மருத்துவத்தை அவர் முன்போல ஒதுக்கவில்லை. 1919-இல் மூலத்துக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 1924 ஜனவரியில் சிறைக் கைதியாக இருந்தபோது குடல்வால் அழற்சிக்காகப் புனே சாசூன் மருத்துவமனையில் ஆங்கிலேய மருத்துவர் மடோக் கத்தியை எடுக்கச் சம்மதித்தார்.

அறுபது வயதில் தண்டி

1930 மார்ச் 12-ஆம் நாள் காலை. சபர்மதி ஆசிரமத்திலிருந்து 78 தொண்டர்களோடு காந்தி புறப்பட்டபோது அவருக்கு 60 வயது முடிந்திருந்தது. 24 நாள்களில் ஏறக்குறைய 385 கிலோமீட்டர் நடந்து ஏப்ரல் 5-இல் தண்டிக் கடற்கரையை அடைந்தார். மறுநாள் உப்பை அள்ளினார். அவரைவிட வயதில் மிகவும் இளையவர்கள் கால் கொப்பளித்து, களைத்துப் பின்தங்கினார்கள். அவருக்காகக் கொண்டுவந்த குதிரையில் அவர் ஏறவில்லை.

ஆனால் அந்த நடையின் ஏற்பாட்டைக் கவனியுங்கள். ஒரே மூச்சில் ஓடி முடிக்கும் ஆவேசம் அதில் இல்லை. நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் அளவே தூரம். காலையிலும் மாலையிலுமாகப் பிரித்து நடை. வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. எளிய உணவு. குறித்த நேரத்தில் செபம், நூற்பு, உறக்கம். அவருடைய கால்கள் அந்த 24 நாள்களில் பலம் பெறவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தினமும் நடந்து பெற்ற பலத்தைத்தான் அவை அந்த நாள்களில் செலவு செய்தன.

அடுத்த மாதமே நம் தமிழ் மண்ணிலும் அது எதிரொலித்தது. 1930 ஏப்ரல் 13-இல் ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து நடந்து, ஏப்ரல் 28-இல் வேதாரண்யம் சேர்ந்தார். ஆஸ்துமா தொந்தரவு உள்ள, மெலிந்த மனிதர் அவர். வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களுக்கு வேதாரண்யம் வெகு தொலைவு இல்லை.

கடைசி நடை

ஒழுங்காக வாழ்ந்தால் நோயே வராது என்று காந்தியின் வாழ்வைக் காட்டிச் சொல்ல முடியாது. 1925, 1936, 1944 ஆகிய ஆண்டுகளில் அவருக்கு மலேரியா வந்தது. முதுமையில் இரத்த அழுத்தம் மிக அதிகமாக இருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019-இல் வெளியிட்ட குறிப்புகளின்படி, 1940-இல் ஒருமுறை அது 220/110 அளவுக்குச் சென்றிருக்கிறது. 1913 முதல் 1948 வரை அவர் நடந்த தூரம் ஏறக்குறைய 79,000 கிலோமீட்டர் என்றும் அதே வெளியீடு கணக்கிடுகிறது. நோயும் நடையும் சேர்ந்தேதான் இருந்தன.

1947-இன் தொடக்கத்தில், 77 வயதில், வங்காளத்தின் நவகாளிப் பகுதியில் மதக் கலவரத்தால் சிதைந்த ஊர்களுக்குள் வெறுங்காலோடு நடந்தார். ஓடைகளின் மேல் ஒற்றை மூங்கில் பாலங்கள். அவற்றைக் கடப்பதற்குத் தனியாகப் பழகிக்கொண்டார். நாளுக்கு ஓர் ஊர் என்று 47 ஊர்கள். அஞ்சிக் கிடந்தவர்களுக்கு ஆறுதல் சொல்லவும், அடித்தவர்களின் மனதைத் தொடவும் அந்தக் கால்கள் நடந்தன.

1948 ஜனவரி 30-ஆம் நாள் மாலை, டெல்லி பிர்லா மாளிகைத் தோட்டத்தில் இரு பேத்தியரின் தோள்களில் கை ஊன்றி, செபக்கூட்டத்துக்குச் சில நிமிடம் தாமதமாகிவிட்டதே என்று விரைந்து நடந்துகொண்டிருந்தபோது சுடப்பட்டு இறந்தார். அவருடைய கடைசிச் செயலும் நடைதான்.

நாம் எடுக்க வேண்டிய அடிகள்

இறைமக்களே, இந்த வாழ்வு நமக்கு மூன்று காரியங்களைக் கற்றுத் தருகிறது.

ஒன்று, பெரிய நடைக்கு முன் சிறிய நடை வேண்டும். ஆண்டில் ஒரு வாரம் வேளாங்கண்ணிக்கு நடந்துவிட்டு மற்ற ஐம்பத்தொரு வாரம் வண்டியைவிட்டு இறங்காத வாழ்வு உடலையும் மாற்றாது, உள்ளத்தையும் மாற்றாது. நெய்வேலி நகரியத்தில் மரநிழல் சாலைகள் இருக்கின்றன. ஷிப்டுக்கு ஏற்ப அரைமணி நேரம் ஒதுக்க முடியாதவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இரண்டு, உடலின் எல்லையை ஏற்றுக்கொள்வது விசுவாசக் குறைவு ஆகாது. உடல் தூய ஆவியின் ஆலயம் என்று புனித பவுல் கற்பிக்கிறார். ஆலயத்தின் சுவரில் விரிசல் தெரிந்தால் கொத்தனாரைக் கூப்பிடுகிறோம். காலில் புண் தெரிந்தால் மருத்துவரிடம் போக ஏன் தயங்குகிறோம்?

மூன்று, காந்தி தம்மை நிரூபிப்பதற்காக நடந்த நடைகளைவிட, மற்றவருக்காக நடந்த நடைகளே நிலைத்தன. நம் நேர்ச்சையின் பலனும் நம் வீட்டாருக்குத் தெரிய வேண்டும். குடியை விட்ட கணவராக, பொறுமையுள்ள தந்தையாக நாம் திரும்பி வந்தால்தான் நாம் வேளாங்கண்ணிக்குப் போய் வந்தோம் என்பதற்குப் பொருள் உண்டு.

விரல்களை இழந்த அந்தச் சகோதரர் இன்று நலமாக இருக்கிறார். சர்க்கரை நோயாளிகளுக்கான தடித்த செருப்பை அணிந்து, காலையில் மனைவியோடு மெதுவாக நடக்கிறார். குடி இல்லை. மாத்திரை தவறுவதில்லை. இப்போது அவர் ஒரு நாளில் நடப்பது மூன்று கிலோமீட்டர்தான். மாதாவுக்கு உகந்த திருப்பயணம் அதுதான் என்று நாம் அவரிடம் சொல்லியிருக்கிறோம். ஐம்பதைக் கடந்து, சர்க்கரைக்கு மாத்திரை போடும் நாமும் சில நாள்களில் அவர்களோடு சேர்ந்துகொள்கிறோம்.

நமது பங்கில் இப்போது நடைப்பயணக் குழுவுக்கு ஆசீர் வழங்கும் முன் ஒரு புதிய ஒழுங்கு இருக்கிறது. புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே பெயர் கொடுக்க வேண்டும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்திருக்க வேண்டும். தினமும் நடந்து பழகியிருக்க வேண்டும். மருத்துவர் வேண்டாம் என்றால் பேருந்தில் வரலாம், அன்னை ஏற்றுக்கொள்வார். புறப்படும் காலையில் நாம் ஒவ்வொருவரின் தலைமீதும் கைவைத்து ஆசீர் கொடுக்கிறோம். அதற்கு முன் குனிந்து அவர்களுடைய பாதங்களைப் பார்க்கிறோம்.

இறைவன் நம் அனைவருக்கும் நல்ல உடலையும், அதைப் பேணும் நல்ல மனதையும் தந்து ஆசீர்வதிப்பாராக!